பழைய ஞாபகங்கள் நம் வயதைக் காட்டிக்கொடுப்பது எப்படி?

ஒரு கேசட்டையும் ஒரு பென்சிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, "இந்த ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சா உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று எழுதிப் போடுகிற பதிவுகள் ஓய்வதே இல்லை. பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்தால் கணக்கு இடிக்கிறது. கேசட்டிலிருந்து வெளியே வந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி உள்ளே இழுப்பார்கள் என்ற விடை 2002-ல் பிறந்தவருக்கும் தெரிகிறது. 1955-ல் பிறந்து, பாட்டு கேட்பதில் பெரிய ஆர்வம் இல்லாமலே இருந்துவிட்ட ஒருவருக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வயதுக்காரர்கூட "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கிறார். அப்படியானால் இந்தப் படங்கள் எதைத்தான் அளக்கின்றன?

ஒரு பழைய பொருளை அடையாளம் தெரிவதற்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு ரொம்பப் பலவீனமானது. உண்மையில் வயதைக் காட்டிக்கொடுப்பவை மூன்று: எந்த வருடங்களின் நினைவுகள் நம்மிடம் அதிகம் குவிந்து கிடக்கின்றன, எதைச் செய்ய நம் கைக்குத் தெரிகிறது, எதை "இப்பதானே வந்துச்சு" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் இரண்டில் ஏமாற்ற வழி உண்டு, மூன்றாவதில் கிடையாது.

அடிப்படை: வாழ்க்கை முழுக்க நினைவு சமமாகப் பரவியிருப்பதில்லை

பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1879-ல் தன்னையே வைத்து ஒரு சோதனை செய்தார். 75 சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து, உடனே மனதில் என்ன எழுகிறது, அது வாழ்க்கையின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டே வந்தார். கணிசமான பங்கு சிறுவயதிலிருந்தும் இளமையிலிருந்தும் வந்திருந்தது. இந்த முறை பிறகு கிட்டத்தட்ட மறக்கப்பட்டு, 1970-களில் மறுபடி உயிர் பெற்றது. டேவிட் ரூபினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1986-ல் இப்படிக் கிடைத்த தரவுகளையெல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் ஏறக்குறைய ஒரே வடிவம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அதில் மூன்று பகுதிகள்.

1. முதல் மூன்று, மூன்றரை வயது வரை கிட்டத்தட்ட வெறுமை. அந்த வயது "ஞாபகங்கள்" என்று நாம் சொல்பவற்றில் பல, மற்றவர்கள் சொல்லிக் கேட்டதும் புகைப்படத்தில் பார்த்ததும்தான்.
2. சுமார் 10 முதல் 30 வயது வரை ஒரு மேடு. மற்ற எந்தக் காலத்தை விடவும் இங்கே நினைவுகள் அடர்த்தி.
3. அதன்பின் ஒரு சரிவு, கடைசியில் சமீபத்திய சில வருடங்களுக்கு மட்டும் ஒரு ஏற்றம். போன வாரம் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அதில் ஆச்சரியம் இல்லை.

நடுவில் இருக்கிற அந்த மேட்டை இந்தக் கட்டுரையில் "நினைவு மேடு" என்றே சொல்லிக்கொள்வோம். எழுபது வயதுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் ஐம்பதாவது வயதில் நடந்ததை விட்டுவிட்டு இருபதாவது வயதுக்கு ஓடுகிறாரே, அதற்குக் காரணம் இதுதான்.

ஏன் இந்த மேடு? விளக்கங்கள் பல இருக்கின்றன. மூளை அப்போது உச்சத்தில் இருக்கிறது என்பது ஒன்று. முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு முதல் முறை வெளியே தங்கியது என்று "முதல்"கள் எல்லாம் அந்த வயதில் வரிசைகட்டி வருகின்றன என்பது இன்னொன்று. நான் யார் என்ற கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கும் வயது என்பதால் அப்போது நடந்ததெல்லாம் அந்த விடையோடு ஒட்டிக்கொள்கிறது என்பார்கள் சிலர். டோர்தெ பெர்ன்ட்சனும் ரூபினும் 2004-ல் வேறு ஒன்றைச் சேர்த்தார்கள்: ஒரு வாழ்க்கையில் எது எப்போது நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு சமூகத்திலும் ஒரு எழுதாத திரைக்கதை இருக்கிறது, அதன் முக்கியமான, மகிழ்ச்சியான காட்சிகள் பெரும்பாலும் இந்த வயதில்தான் வருகின்றன, நினைவைத் தேடும்போது நாம் அந்தத் திரைக்கதையைப் பிடித்துக்கொண்டே தேடுகிறோம்.

இவற்றில் எது சரி என்று இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் மூளையின் வயது மட்டும் காரணம் இல்லை என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. ராபர்ட் ஷ்ராஃபும் ரூபினும் 1998-ல், ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய முதியவர்களிடம் ஆய்வு செய்தார்கள். முப்பது வயதுக்கு மேல் நாடு மாறியவர்களுக்கு மேடு தள்ளிப்போய், இடம்பெயர்ந்த வயதை ஒட்டி நின்றது. அதாவது வாழ்க்கை தலைகீழாக மாறினால் மேடும் நகர்கிறது. இது நம் கேள்விக்கு முக்கியம், ஏனென்றால் பழைய ஞாபகத்தை வைத்து ஒருவரின் வயதைக் கணிக்கும்போது சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

பாட்டுக்கு ஒரு வயது, வாசனைக்கு ஒரு வயது

எல்லா வகை நினைவுக்கும் மேடு ஒரே இடத்தில் இல்லை. 1989-ல் மோரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் பல வயதினருக்கு வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். விருப்பத்தின் உச்சம், கேட்பவருக்குச் சுமார் 23 அல்லது 24 வயது இருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டில் வந்து நின்றது. "இப்ப வர்ற பாட்டெல்லாம் ஒரு பாட்டா" என்ற குறை தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவதை இதை வைத்து ஓரளவு புரிந்துகொள்ளலாம். பாட்டு கெட்டுப்போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம், குறை மட்டும் எப்படியும் வரும்.

வாசனை இன்னும் பின்னால் போகிறது. யோஹான் வில்லாண்டரும் மரியா லார்சனும் 2006-ல் ஸ்வீடனில் முதியவர்களிடம் சொல், படம், வாசனை மூன்றையும் கொடுத்துச் சோதித்தார்கள். சொல்லும் படமும் இளமைக்காலத்தை எழுப்பின, வாசனை எழுப்பிய நினைவுகளோ பத்து வயதுக்கு முந்தையவையாக இருந்தன. ஆகவே ஒருவர் எந்தப் பாட்டுக்கு உருகுகிறார் என்று கேட்டால் அவருடைய இருபதுகள் எப்போது என்று தெரியும். எந்த வாசனைக்கு அப்படியே நின்றுவிடுகிறார் என்று பார்த்தால் அவருடைய குழந்தைப்பருவம் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒருவர் ஏக்கத்தோடு மூன்று விஷயம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு, டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட் இணையும்போது மோடம் என்ற கருவி போடும் கீச்சு சத்தம், முதல் முதலாகத் திறந்த ஹாட்மெயில் கணக்கு. ஹாட்மெயில் வந்தது 1996. பாம்பு விளையாட்டு 1997-ல் நோக்கியா 6110-ல் வந்தது. 56 கிலோபிட் மோடத்துக்கான பொதுத் தரம் 1998-ல் வந்தது.

1. மூன்றும் சேர்ந்து புழக்கத்தில் இருந்த காலம் ஏறக்குறைய 1997 முதல் 2003 வரை.
2. நினைவு மேடு 10 முதல் 30 வயது வரை. ஆனால் ஏக்கத்தோடு சொல்வதெல்லாம் பெரும்பாலும் மேட்டின் நடுப்பகுதி, 15 முதல் 25 வரை என்று எடுத்துக்கொண்டால் தவறில்லை.
3. நடு ஆண்டான 2000-லிருந்து கழித்தால் பிறந்த வருடம் 1975-க்கும் 1985-க்கும் நடுவில் விழுகிறது.
4. கூடவே "சின்ன வயசுல" என்று அவர் சொல்லும் பொருள் எது என்று பார்த்தால் வட்டம் இன்னும் சுருங்கும். அது கேசட் என்றால் ஒரு பக்கம், குறுந்தகடு என்றால் இன்னொரு பக்கம்.

இது சோதிடம் மாதிரி தெரியலாம். ஆனால் ஒரு நினைவை வைத்துச் சொன்னால்தான் அது குருட்டாம்போக்கு. நாலைந்து நினைவுகள் கையில் இருந்தால், அவை எல்லாம் சேர்ந்து விழும் இடம் பெரிதாகத் தப்பாது.

எல்லோரும் சறுக்கும் இடம்: பொருளின் பிறப்பும் இறப்பும்

மேலே போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரு பொருள் எப்போது வந்தது என்பதை விட, எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. நெடுங்காலம் வாழ்ந்த பொருள் வயதைப் பற்றி எதுவுமே சொல்லாது.

கேசட்டைப் பாருங்கள். ஃபிலிப்ஸ் நிறுவனம் அதை 1963-ல் அறிமுகப்படுத்தியது. 1979-ல் சோனியின் வாக்மேன் வந்து அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1982-ல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபிறகும் கேசட் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஆக, "நான் கேசட்ல பாட்டு கேட்டிருக்கேன்" என்று சொல்பவருக்கு வயது முப்பதாகவும் இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம். ஃப்ளாப்பியும் அப்படியே. ஐபிஎம் எட்டு அங்குல ஃப்ளாப்பியை வெளியிட்டது 1971-ல். பின்னால் வந்த மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் விற்பனையைச் சோனி நிறுத்தியது 2011-ல். நாற்பது வருடம்! வி.எச்.எஸ். என்ற வகை வீடியோ கேசட் 1976-ல் வந்தது. அதை ஓட்டும் கருவியைக் கடைசி வரை செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பானிய நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது 2016 ஜூலையில்தான்.

மாறாக, கொஞ்ச காலமே வாழ்ந்து மறைந்த பொருள் நல்ல சாட்சி. ஃப்ளாப்பி என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை, ஆனால் வளைகிற ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியை உறையிலிருந்து எடுத்துச் செருகி, அதன் வாயில் இருக்கும் கொக்கியைத் திருப்பி மூடியது ஞாபகம் இருக்கிறது என்றால், பேச்சு 1980-களுக்கும் 90-களின் தொடக்கத்துக்கும் போய்விடுகிறது. மோடம் சத்தமும் அதே போலக் குறுகிய காலத்துச் சரக்கு. எப்போதும் இணைந்தே இருக்கும் பிராட்பேண்ட் வந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் அது ஒரே நாளில் காணாமல் போனது. அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் மோடம் வழியாக இணையும் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் வரை ஓட்டிக்கொண்டிருந்தது வேறு கதை.

இதோடு இன்னொன்றும் உண்டு. ஒரு கருவி உலகத்தில் அறிமுகமான ஆண்டு ஒன்று, ஒருவருடைய வீட்டு வாசலுக்கு வந்த ஆண்டு ஒன்று. பணம், ஊர், குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்பதெல்லாம் நடுவில் நிற்கிறது. மூத்தவர் பயன்படுத்தித் தள்ளிவிட்ட வாக்மேனை பத்து வருடம் கழித்துக் கடைசித் தம்பி வைத்திருப்பார். அவருடைய ஞாபகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நிஜ வயதை விடப் பத்து வயது கூடுதலாக வரும்.

கைக்குத் தெரிந்தது வேறு, கண்ணுக்குத் தெரிந்தது வேறு

சரி, 2002-ல் பிறந்தவருக்குப் பென்சில் விஷயம் எப்படித் தெரிந்தது? படத்தைப் பார்த்துத்தான். கேரல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்குப் பழைய பாடல்களைக் கேட்கக் கொடுத்தபோது, அவர்கள் பிறப்பதற்கு முன்பே, அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாடல்களுக்கும் ஒரு சின்ன மேடு தெரிந்தது. வீட்டில் கேட்டுக் கேட்டு அப்பா அம்மாவின் ஏக்கம் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இரவல் ஏக்கம்தான், ஆனால் உணர்ச்சி நிஜம்.

இரவலையும் சொந்தத்தையும் பிரித்துப் பார்க்க, கேள்வியை மாற்ற வேண்டும். "இது என்ன தெரியுமா" என்பதற்குப் பதில் "இதைச் செய்து காட்டு" என்று கேட்க வேண்டும். மூளையில் இந்த இரண்டுக்கும் வழியே வேறு. 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலேசன் என்பவருக்கு அதன்பிறகு புதிய நிகழ்வு எதுவும் நினைவில் தங்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்குக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையப் பழக்கியபோது, நாளுக்கு நாள் கை தேறியது. முந்தின நாள் வரைந்தது மட்டும் அவருக்குத் துளியும் ஞாபகம் இல்லை. நிகழ்வு நினைவு ஒரு பக்கம், கைப்பழக்கம் ஒரு பக்கம் என்று அன்றைக்குத் தெளிவானது.

கைக்கு மட்டும் தெரிந்த சில விஷயங்களைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

கேசட்டில் நாடா சிக்கிக்கொண்டால் கருவியைத் திறந்து, உருளையில் சுற்றியிருக்கும் நாடாவை அறுந்துவிடாமல் மெல்ல உருவி எடுக்க வேண்டும். வெளியே தொங்குவதில் முறுக்கு விழுந்திருந்தால் முதலில் அதை நேராக்க வேண்டும், அப்படியே சுற்றினால் பாட்டு அந்த இடத்தில் குழறும். அப்புறம்தான் பென்சில். உருண்டைப் பென்சில் பற்களில் பிடிக்காமல் வழுக்கும், ஆறுபட்டைப் பென்சில்தான் சரி. எந்தப் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றுவது என்பதையும் தெரிந்தவர் யோசிப்பதில்லை. இன்னொரு சோதனையும் உண்டு: கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் எதற்கு? அதை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. உடைத்த பிறகு மனம் மாறினால் ஓட்டையின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு மறுபடி பதியலாம். படம் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பென்சில் தெரியும், இந்த ஒட்டுநாடா தெரிவது அபூர்வம்.

பட்டன் போனில் செய்தி அடிப்பதும் இப்படித்தான். ஒவ்வொரு பட்டனிலும் மூன்று, நான்கு எழுத்துகள். மூன்றாவது எழுத்து வேண்டுமென்றால் மூன்று தட்டு. அடுத்த எழுத்தும் அதே பட்டனில் இருந்தால் கையை எடுத்து ஒரு நொடி காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து மாறிவிடும். இதைத் திரையைப் பார்க்காமல், கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே அடித்தவர்கள் இருந்தார்கள். உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ல் போனது, தொடுதிரை ஐபோன் 2007-ல் வந்தது. பட்டனில் தட்டி எழுதிய பழக்கம் இந்த இரண்டுக்கும் நடுவிலும், அதன்பின் கொஞ்ச வருடமும் மட்டுமே பரவலாக இருந்தது. ஆகவே அந்தக் கட்டை விரல் வேகம் ஒருவரிடம் இருந்தால், மேடு எங்கே என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

சுழற்றும் டெலிபோனுக்கும் ஒன்று சொல்லிவிட்டு நகர்வோம். பெரும்பாலான நாடுகளில் ஒவ்வொரு எண்ணும் அத்தனை மின்துடிப்பு, நொடிக்குப் பத்து. பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்பு, எனவே வட்டு திரும்பி வரவே ஒரு நொடி ஆகும். ஒன்பதும் பூஜ்யமும் நிறைய உள்ள எண்களைக் கண்டாலே சலித்துக்கொண்டவர்கள் அந்தப் போனை நிஜமாகவே பயன்படுத்தியவர்கள்.

மறைக்க முடியாத சாட்சி: "நேத்து நடந்த மாதிரி இருக்கு"

பொருளை மறந்துவிட்டேன் என்று நடிக்கலாம். கைப்பழக்கத்தை மறைக்கலாம். ஆனால் ஒரு விஷயம் நடந்து எத்தனை வருடம் ஆகிறது என்ற கணிப்பை யாரும் யோசித்துச் செய்வதில்லை, அது தானாக வாயில் வந்துவிடுகிறது.

ஜான் நீட்டர், ஜோசப் வாக்ஸ்பர்க் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1964-ல் இதைச் செலவுக் கணக்கெடுப்பில் பிடித்தார்கள். வீட்டைப் பழுதுபார்க்க அண்மையில் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டால், குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே நடந்த பெரிய செலவுகளையும் மக்கள் உள்ளே இழுத்துச் சொல்லிவிடுகிறார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: முந்தைய முறை என்ன சொன்னீர்கள் என்பதை முதலில் நினைவூட்டிவிட்டு, அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் கேட்பது.

இது ஏன் நடக்கிறது? நினைவோடு தேதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. தெளிவை வைத்தே மனம் தூரத்தைக் கணிக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் பக்கத்தில், மங்கலாகத் தெரிந்தால் தூரத்தில். நினைவு மேட்டில் கிடப்பவை எல்லாமே பளிச்சென்று தெரிபவை, அதனால் அவை இருக்க வேண்டிய தூரத்தை விடப் பக்கத்தில் நிற்கின்றன. யூட்யூபில் முதல் வீடியோ ஏறியது 2005 ஏப்ரலில். விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001-ல். முதல் வாக்மேனுக்கும் முதல் ஐபோனுக்கும் நடுவில் 28 வருடம். 2007-ல் ஐபோன் வந்தபோது பிறந்த குழந்தைக்கு 2025-ல் பதினெட்டு. இதில் எந்த வரியைப் படிக்கும்போது "அடடா, அவ்வளவா" என்று தோன்றியதோ, அது உங்கள் மேட்டுக்குள் இருக்கிறது.

இதோடு வழக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு விளக்கத்தையும் பார்த்துவிடலாம். பிரெஞ்சுத் தத்துவவாதி பால் ழானே 1877-ல் சொன்னது: பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு, ஐம்பது வயதுக்காரருக்கு ஐம்பதில் ஒரு பங்கு, ஆகவே வருடங்கள் வேகமாக ஓடுவதாகத் தெரிகிறது. வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் தன் உளவியல் நூலில் இதை எடுத்துச் சொல்லி, இதனால் காரணம் விளங்கிவிடவில்லை என்றும் சொன்னார். நானும் ஜேம்ஸ் கட்சிதான். கேட்க அழகான கணக்கு, ஆனால் அதன்படி அறுபத்தோராம் வயதும் அறுபத்திரண்டாம் வயதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒரு வருடம் பறந்து அடுத்தது நத்தையாக ஊர்வது ஏன் என்று அது சொல்வதில்லை. புதிதாக எத்தனை நடந்தது என்பதைச் சேர்க்காமல் இதற்கு விடை கிடையாது.

உள்ளே உணரும் வயதும் இந்தப் பிழைக்குத் துணை போகிறது. ரூபினும் பெர்ன்ட்சனும் 2006-ல் டென்மார்க்கில் 1,470 பேரிடம் "உங்களுக்கு எத்தனை வயதாக உணர்கிறீர்கள்" என்று கேட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் சராசரியாக நிஜ வயதில் 20 சதவீதம் குறைத்துச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்காரர் நாற்பது. இருபத்தைந்துக்குக் கீழே இருந்தவர்களோ கூட்டிச் சொன்னார்கள்! "எனக்கு வயசாயிடுச்சு" என்று இருபத்திரண்டு வயதுக்காரர் சொல்வதில் நடிப்பு மட்டும் இல்லை.

அந்த நினைவுகள் நம்பத்தக்கவையா?

தெளிவாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய மறுநாள் காலையிலேயே, செய்தி எப்படித் தெரிந்தது, எங்கே இருந்தீர்கள், கூட யார் என்று உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்து அதே மாணவர்களிடம் அதே கேள்விகள். பலருடைய இரண்டாவது பதில் முதல் பதிலோடு ஒத்துப்போகவே இல்லை, ஆனாலும் உறுதியாகச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

பழையது எல்லாம் இனிப்பாகத் தெரிவதற்கும் இதே போல ஒரு இயந்திரம் இருக்கிறது. கசப்பான நினைவின் கசப்பு, இனிய நினைவின் இனிப்பை விடச் சீக்கிரம் தேய்கிறது. 1997-ல் டெரன்ஸ் மிட்செல் குழு, சுற்றுலா போனவர்களிடம் போவதற்கு முன்பும், போய்க்கொண்டிருக்கும்போதும், வந்த பிறகும் கேட்டது. நடுவில் மழை, எரிச்சல், ஏமாற்றம் எல்லாம் இருந்தது. திரும்பி வந்த பிறகு அவை வடிந்துபோய் நல்ல பயணமாகிவிட்டது. ஒரு பாட்டு இறங்க மோடத்தில் கால் மணி நேரம் ஆகும், நடுவில் யாராவது போன் பேச எடுத்தால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைத்தான் இன்று பொற்காலம் என்கிறோம்.

இந்த ஏக்கத்தை ஒரு காலத்தில் நோயாகவே நினைத்தார்கள். யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688-ல், அன்று ஊர் ஏக்கமாகப் பார்க்கப்பட்ட இதைப் பற்றி ஆய்வேடே எழுதினார். இன்றைய ஆய்வு நேர் எதிர்ப் பக்கம் நிற்கிறது. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டிம் வைல்ட்ஷட்டும் கான்ஸ்டன்டைன் செடிகிடெஸும் 2006-லிருந்து காட்டி வருவது, மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமையாக உணரும்போதும் இந்த ஏக்கம் எழுகிறது, எழுந்தபின் மனிதர்களோடு ஒட்டுதல் கூடுகிறது என்பது. ஏக்கம் அடிக்கடி வருகிறது என்பது வயதைக் காட்டுவதை விட, அந்த வாரம் எப்படிப் போகிறது என்பதையே அதிகம் காட்டும்.

இதனால் என்னென்ன நடக்கிறது

முதலாவது வியாபாரம். நோக்கியா 3310 வந்தது 2000-ல், அதே பெயரில் புதுப்பித்த போன் வந்தது 2017-ல். 2000-ல் பதினைந்து வயதில் ஏங்கிப் பார்த்தவருக்கு 2017-ல் முப்பத்திரண்டு, கையில் சம்பளம். பழைய பெயரைத் தூசி தட்டி எடுப்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்குப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

இரண்டாவது, முதியவர்களின் மறதி. பழையது கடைசியில்தான் அழியும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தெயோடுல் ரிபோ 1881-லேயே எழுதினார். ஆகவே ஒருவர் பழங்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. அரை மணி நேரத்துக்கு முன் இதே கதையைச் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லாமல் போவது, காலையில் நடந்தது நழுவுவது, இவைதான் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பழைய படம், பாட்டு, பொருள்களைக் கொடுத்துப் பேசவைக்கும் சிகிச்சை ஒன்றும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2018 மதிப்பாய்வு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் உண்டு, ஆனால் சிறியது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்றது.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. "இதில் எத்தனை உங்களுக்கு ஞாபகம் இருக்கு", "உங்க முதல் போன் எது", "முதல் பள்ளிக்கூடம், முதல் வண்டி, முதல் நாய்க்குட்டி பேர் சொல்லுங்க" என்று வரும் பதிவுகளுக்கு எல்லோரும் குஷியாகப் பதில் போடுகிறோம். பிறந்த வருடத்தை எவ்வளவு சுலபமாகக் கணிக்கலாம் என்று மேலே பார்த்தோம். மீதிப் பதில்கள், பாஸ்வேர்ட் மறந்தால் பல நிறுவனங்கள் கேட்கும் அதே பாதுகாப்புக் கேள்விகளின் விடைகள். நினைவு மேட்டில் இருப்பதை யாரும் மறக்கமாட்டார்கள் என்று நம்பித்தானே அந்தக் கேள்விகளை வைத்தார்கள்! அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில், முதல் செல்லப் பிராணியின் பெயர் போன்ற கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பல இடங்களில் இன்னும் கேட்கிறார்கள்.

பொய்யான விடை கொடுத்தால் போதுமே என்று தோன்றும். கூகுள் ஆய்வாளர்கள் 2015-ல் இதைப் பார்த்தார்கள். பயனர்களில் 37 சதவீதம் பேர் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரிப் பொய்யைத் தேர்ந்தெடுப்பதால், மொத்தத்தில் விடைகளை ஊகிப்பது இன்னும் சுலபமாகியிருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்றை பாஸ்வேர்ட் சேமிக்கும் செயலியிலேயே உருவாக்கி, அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.